செங்குத்துப் பாறையில் நிற்கும் அரிய புதர்ச்செடியை அடையாளம் காண்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

பாறை இடுக்கில் தொங்கும் புதர் ஒன்று கண்ணில் பட்டதும், புதிதாக வருபவர்கள் கைப்பேசியில் படம் எடுத்து உடனே பெயரைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பெயர் கிடைத்த பிறகு, அந்தப் பெயருக்குப் பொருந்தும் அடையாளங்கள் மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். பொருந்தாதவை எதிரிலேயே இருந்தாலும் தெரியாது.

பாறையில் இந்த அவசரம் பெரிதாகவே காலை வாரும். கையளவு மண்ணில், காற்றிலும் வெயிலிலும் வளரும் செடி தன் உயரம், இலையின் அளவு, இலையின் தடிமன் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்கிறது. கணுவின் அமைப்பு, பால் உண்டா இல்லையா என்பது, பூவின் உள்ளமைப்பு, காயின் வகை ஆகியவை மாறுவதில்லை. மாறாதவற்றை முதலில் குறித்துக்கொண்டு, பெயரைக் கடைசியில் தேட வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் இதையொட்டி அமைந்ததுதான்.

தமிழகத்தின் மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கட்டுரை முழுவதற்கும் உதாரணமாக மாகாளிக் கிழங்கின் பேரினமான டெகாலெபிஸை எடுத்துக்கொள்கிறேன். பாறைச் சரிவுகளில் வளரும் அரிய சிற்றினங்கள் இதில் உண்டு. அவற்றைப் போலவே தோன்றும் சாதாரணச் செடிகளும் அதே பாறைகளில் உண்டு.

1. புறப்படும் முன்

அனுமதிதான் முதல் வேலை. நம் மலைப்பாறைகளில் பெரும்பாலானவை காப்புக்காடுகளுக்குள்ளோ சரணாலயங்களுக்குள்ளோ இருக்கின்றன. உள்ளே நுழையவே வனத்துறையின் அனுமதி வேண்டும். மாதிரி சேகரிக்க வேண்டுமானால் அதற்குத் தனி அனுமதி. டிரோன் பறக்கவிட இன்னொன்று. "ஓர் இலைதானே" என்று பறித்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பொருட்கள் அதிகம் தேவையில்லை: 10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், பைனாகுலர், மில்லிமீட்டர் குறித்த சிறிய அளவுகோல், திசைகாட்டி, மெல்லிய ஊசி, கறுப்புத் துணி ஒரு துண்டு, பென்சில், நோட்டு. பேனா வேண்டாம்; பாறையில் கசியும் நீர் பட்டால் மை கரைந்துவிடும். பாறை அடியில் நிற்கப் போவதால் தலைக்கவசம் கட்டாயம்.

பாறையில் ஏறுவதை இந்த வழிகாட்டி சொல்லித்தரவில்லை. கயிற்றில் இறங்கத் தெரிந்தவர்கள் அதைத் தனியாக முறைப்படி கற்றவர்கள். அடையாளம் காண்பதற்காக ஏறத் தேவையே இல்லை என்ற நிலை நீங்கள் நினைப்பதைவிட அதிக முறை வாய்க்கும்.

2. அங்கே வளரக்கூடிய சாதாரணச் செடிகளின் பட்டியல்

அரிய செடியைத் தேடிப் போகிறவர் அதன் படத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார். போகும் இடத்தின் சாதாரணச் செடிகளை அவர் படித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பாறையில் குறுகி நிற்கும் "அரிய" புதர்களில் பெரும்பாலானவை சமவெளியில் நாம் தினமும் பார்க்கும் செடிகள்தான்.

டெகாலெபிஸைத் தேடும்போது குழப்பக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

கல்லரசு: பாறை வெடிப்பில் வேரோடும் அத்தி இனம். பால் வரும், அரச இலை போன்ற அகன்ற இலை. தூரத்திலிருந்து பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள்.

வெட்பாலை: பால், எதிரெதிர் இலை, இரட்டைக் காய், பஞ்சு முடியுள்ள விதை என எல்லாமே டெகாலெபிஸுடன் ஒத்துப்போகும். சமவெளியில் மரம், பாறையில் இடுப்பளவுப் புதராகவும் நிற்கும். மிகவும் கவனமாக விலக்க வேண்டியது இதுதான்.

நன்னாரி: மெல்லிய சுற்றுக்கொடி. வேரின் மணம் மாகாளியை ஒத்திருக்கும். நடு நரம்பையொட்டி வெண்மை படர்ந்த குறுகிய இலைகள் பல செடிகளில் காணப்படும்.

இவற்றுடன் விராலி, உண்ணிச்செடி, சதுரக்கள்ளி, இலையில்லாத கொடிக்கள்ளி ஆகியவற்றையும் பூ இல்லாத நிலையில் அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். பூத்த உண்ணிச்செடியை யாரும் தவறவிட மாட்டார்கள். கோடையில் இலை சுருங்கி நிற்கும் உண்ணிச்செடிதான் "புதிய இனம்" என்ற பரவசத்தை உண்டாக்குகிறது.

3. பாறையின் அடியிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். மேலே நிற்கும் செடி உதிர்க்கும் இலை, காய் ஓடு, விதை எல்லாம் அடிவாரத்துக் கற்களுக்கிடையில் வந்து தங்குகின்றன. செடிக்குத் தீங்கில்லாமல் அதை அருகில் வைத்துப் பார்க்கும் வழி இது ஒன்றுதான்.

குறிப்பாகக் காய் ஓட்டைத் தேடுங்கள். இலை மட்கிவிடும், மரத்தன்மையுள்ள காய் ஓடு நீண்ட நாள் கிடக்கும். தடித்த, நீளவாக்கில் ஒரே பக்கம் பிளந்த ஓடு கிடைத்தால் அது ஒருபுற வெடிகனி. எருக்கு, வெட்பாலை, டெகாலெபிஸ் எல்லாம் அடங்கிய குடும்பத்தின் வலுவான அடையாளம் அது. சிறு உருண்டையாக, உள்ளே பொடிப்பொடி விதைகள் நிறைந்த காய் கிடந்தால் மேலே இருப்பது அத்தி இனம்; கல்லரசைச் சந்தேகியுங்கள்.

கீழே கிடப்பது மேலே நிற்கும் அந்தச் செடியுடையதுதான் என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடாதீர்கள். காற்று எங்கிருந்தும் கொண்டுவரும், குரங்கும் பறவையும் போட்டுவிட்டுப் போகும். "பாறை அடியில் கிடைத்தது" என்று மட்டும் குறியுங்கள். மேலே உள்ள காயைப் பைனாகுலரில் பார்த்து ஒத்துப்போன பிறகு இரண்டையும் இணையுங்கள்.

வேரை முகர்ந்து பார்க்கத் தோண்டுவது பெரிய தவறு. மாகாளியின் வேரில் வெனிலாவை ஒத்த மணம் இருப்பது உண்மை. ஆனால் நன்னாரிக்கும் அதே மணம் உண்டு. மணத்தால் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. பாறை இடுக்கில் வேரைக் கிளறினால் செடி போய்விடும். கிழங்குக்காகத் தோண்டியெடுப்பதால்தான் மாகாளி இன்று அருகிவரும் செடிகளின் பட்டியலில் இருக்கிறது.

4. தூரத்திலிருந்து பார்த்து இருப்பிடத்தைக் குறித்தல்

இப்போது அண்ணாந்து பாருங்கள். பாறை எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, நீர்க் கசிவு உண்டா, செடி வெடிப்பில் நிற்கிறதா அல்லது சிறு திட்டில் சேர்ந்த மண்ணில் நிற்கிறதா என்பதை எழுதுங்கள். பிறகு அடையாளத்தைச் சரிபார்க்கும் நிபுணர் முதலில் கேட்பவை இவைதான். படத்திலிருந்து இவற்றை அவரால் ஊகிக்க முடியாது.

ஜிபிஎஸ் காட்டும் இடம் நீங்கள் நிற்கும் இடம்; செடி இருக்கும் இடம் அல்ல. செங்குத்துப் பாறையின் அருகில் வானத்தில் பாதி மறைந்திருக்கும். செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பியும் வரும். அதனால் பிழை இன்னும் கூடும். ஜிபிஎஸ் அளவோடு, செடி உங்களிடமிருந்து எந்தத் திசையில், சுமார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் திசைகாட்டி வைத்துக் குறியுங்கள்.

நண்பகல் வெயிலில் பார்ப்பது வீண். பாறையின் வெளிச்சத்தில் இலைகள் கறுத்துத் தெரியும். அந்தப் பாறைமுகம் நிழலில் இருக்கும் நேரத்தையோ மேகமூட்டமான நேரத்தையோ தேர்ந்தெடுங்கள்.

டிரோன் இந்த வேலையை மாற்றிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. ஹவாயின் காவாய்த் தீவில், 2009க்குப் பிறகு யாரும் பார்க்காத, செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியை 2019இல் செங்குத்துப் பாறையில் டிரோன் மூலம்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் நம் பாறைகளில் மலைத்தேனீக் கூடுகள் தொங்குகின்றன. வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. தேன்கூட்டருகே டிரோனைக் கொண்டுபோனால் விளைவு கீழே நிற்பவர்கள் தலையில்தான் வந்து விழும். பைனாகுலரால் பாறை முழுவதையும் துழாவி, கூடு இல்லை என்று தெளிந்த பிறகே மற்ற பேச்சு.

5. கைக்கு எட்டும் செடியில் மாறாத குறிகள்

மேலே எட்டாத உயரத்தில் ஒன்று நின்றால், அதே இனம் பாறையின் ஓரத்திலோ உச்சியிலோ கைக்கு எட்டும் இடத்தில் பெரும்பாலும் இன்னொன்று நிற்கும். அதைத் தேடிப் பிடித்து, கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு கேள்வியும் அடுத்த கேள்வியின் வாசலைத் திறக்கிறது.

இலையடுக்கம். கணுவுக்கு ஒரே இலையா (மாற்றடுக்கு), எதிரெதிராக இரண்டா (எதிரடுக்கு), வட்டமாக மூன்றோ அதற்கு மேலோ? எளிய கேள்வியாகத் தோன்றும்; பாறையில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வறட்சியில் வளர்ந்த கிளையில் கணுக்கள் நெருங்கிக் கிடப்பதால், மாற்றடுக்கில் உள்ள இலைகளும் ஒரே வட்டத்தில் இருப்பதுபோல் தெரியும். கிளை நுனியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழைக்காலத்தில் வேகமாக நீண்ட ஒரு கிளையைத் தேடுங்கள்; அதில் கணுக்கள் விலகி நிற்கும். அது இல்லையென்றால், இலை உதிர்ந்த பழைய தண்டில் உள்ள தழும்புகளை லென்ஸில் பாருங்கள். தழும்பு பொய் சொல்லாது: தண்டின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இரண்டு தழும்புகள் இருந்தால் எதிரடுக்கு.

இலையடிச் செதில். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் லென்ஸை வையுங்கள். தண்டைச் சுற்றி மோதிரம்போல் ஒரு முழு வட்டத் தழும்பு ஓடினால், கூடவே பாலும் வந்தால், அது அத்தி இனம். கல்லரசு இந்த ஒரே பார்வையில் விலகிவிடும். இலைகள் எதிரெதிராக இருந்து, இரண்டு காம்புகளுக்கும் நடுவே தண்டின் மேல் ஒரு சிறு முக்கோணச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தால், அது வெட்சியும் நுணாவும் சேர்ந்த குடும்பம். இளங்கணுவிலேயே பாருங்கள்; முதிர்ந்த கணுவில் செதில் உதிர்ந்து ஒரு கோடு மட்டும் மிஞ்சியிருக்கும்.

பால். இலையைக் கிள்ள வேண்டாம். இளங்காம்பில் ஊசிமுனையால் ஒரு குத்துப் போதும். கோடையில் நண்பகலில் குத்திவிட்டு "பால் இல்லை" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. வறண்ட செடியில் பால் கசியக்கூட மறுக்கும். அதிகாலையில், இளந்தளிரில், இரண்டு மூன்று இடங்களில் பார்த்த பிறகே "இல்லை" என்று எழுதுங்கள். பால் பட்ட விரலைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். கள்ளி இனமாக இருந்தால் கண்ணுக்கு ஆபத்து.

இந்த மூன்றையும் சேர்த்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பால், எதிரடுக்கு, மோதிரத் தழும்பு இல்லை என்றால் எருக்குக் குடும்பத்தின் பக்கம் போங்கள். பால், மாற்றடுக்கு, மோதிரத் தழும்பு என்றால் அத்தி.

இலையை ஒளியில் பிடித்தல். பால் இல்லாத செடியானால், இலையைக் கிளையோடு சாய்த்துச் சூரிய ஒளிக்கு நேராகப் பாருங்கள். ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரிந்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ள செடி. எதிரடுக்கில் தனி இலைகள் என்றால் நாவல் குடும்பத்தையும், மாற்றடுக்கில் எலுமிச்சை மணம் வந்தால் எலுமிச்சைக் குடும்பத்தையும் முதலில் சோதியுங்கள். நாற்கோணத் தண்டும் கசக்கினால் மணமும் இருந்தால் துளசிக் குடும்பம் அல்லது உண்ணிச்செடிக் குடும்பம். கணு வீங்கி, இலைச் சோடியில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் குறிஞ்சியின் குடும்பத்தைப் பாருங்கள்.

இலையின் வடிவமும் அளவும் கடைசியில்தான். ஒரே செடியில் நிழல் பக்க இலை வெயில் பக்க இலையைவிடப் பெரிதாகவும் மெல்லியதாகவும் இருக்கும். ஒரு இலையை அளந்து எழுதுவதில் பயனில்லை. சிறியது, பெரியது, நடுத்தரம் என்று பல இலைகளை அளந்து வீச்சைக் குறியுங்கள்.

6. பூவும் காயும்

டெகாலெபிஸ் சிற்றினங்களை இலையாலும் ஓரளவு பிரிக்கலாம். ஆனைமலைப் பகுதியின் டெகாலெபிஸ் சாலிசிபோலியா நிமிர்ந்த புதர்; இலைகள் ஒடுங்கி நீண்டவை. அகத்தியமலைப் பகுதியின் டெகாலெபிஸ் அரயால்பத்ராவின் இலைகள் அகன்று அரச இலையை நினைவூட்டும். பரவலாக வளரும் மாகாளி, அதாவது டெகாலெபிஸ் ஹாமில்டோனி, பற்றிப் படரும் தன்மையுள்ளது. ஆனாலும் பூவோ காயோ பார்க்காமல் சிற்றினத்தின் பெயரை எழுதுவதை நான் ஏற்பதில்லை.

வெட்பாலையை விலக்குவதற்குக் காய் போதும். அதன் இரட்டைக் காய்கள் மெலிந்து நீண்டு தொங்கும். நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மாகாளியின் இரட்டைக் காய்கள் தடித்து, எதிரெதிர்த் திசைகளில் விலகி நிற்கும். பைனாகுலரிலேயே இந்த வேறுபாடு தெரியும்.

பூ கிடைத்தால் இதழின் உட்புறத்தை லென்ஸில் பாருங்கள்: மயிர் உண்டா, இதழ் தடித்ததா மெல்லியதா, மொட்டில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கின்றனவா அல்லது ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? கடைசிக் கேள்விக்கு விடை மலர்ந்த பூவில் இல்லை. மொட்டில் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் மொட்டைப் படம் எடுக்க மறந்தவர்கள் மறுபடியும் மலை ஏற நேர்கிறது.

7. படங்கள்

அழகான படம் வேறு, அடையாளம் காண உதவும் படம் வேறு. இந்த வரிசையில் எடுங்கள்: பாறையோடு சேர்ந்த முழுத் தோற்றம், முழுச்செடி, ஒரு கிளை, இலையின் மேற்புறம், அடிப்புறம், கணு மிக அருகில், மொட்டு, பூ முன்னிருந்தும் பக்கவாட்டிலும், காய், தண்டின் பட்டை. அருகுப் படங்களில் அளவுகோல் தெரிய வேண்டும். பாறையின் பளபளப்பு இலையைக் கறுப்பாக்கும். பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்தால் ஓரங்களும் நரம்புகளும் தெளிவாக விழும்.

அடிப்புற இலையும் கணுவும் இல்லாத படத்தொகுப்பை எந்த நிபுணரிடம் கொடுத்தாலும் அவர் திருப்பித்தான் அனுப்புவார்.

8. திறவுகோலைப் பயன்படுத்துதல்

திறவுகோல் என்பது எதிரெதிரான இரண்டு கூற்றுகளில் ஒன்றைத் தேர்ந்து தேர்ந்து பெயரை நோக்கிப் போகும் முறை. முதல் கூற்று பொருந்துவதுபோல் தோன்றினாலும் இரண்டாவதையும் முழுதாகப் படியுங்கள். அது இன்னும் நன்றாகப் பொருந்தலாம். தீர்மானிக்க முடியாத இடத்தில் இரண்டு வழியிலும் போய்ப் பாருங்கள். ஒரு வழி விரைவிலேயே அபத்தமாக முட்டி நிற்கும்.

சென்னை மாகாணத் தாவரங்களுக்குத் தாவரவியலாளர் கேம்பிள் தொடங்கி, பிஷர் முடித்த தொகுப்பு 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. இன்றும் களப்பணியாளர்கள் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள். ஆனால் அதன் எல்லையை மறக்கக் கூடாது. அரயால்பத்ரா 1978இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அந்தச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு கேம்பிளின் திறவுகோலில் நடந்தால், தயங்காமல் வேறு ஒரு பெயரில் கொண்டுபோய் விட்டுவிடும். திறவுகோலுக்குத் தன்னிடம் இல்லாத செடியைப் பற்றி எதுவும் தெரியாது. தோட்டத்திலிருந்து தப்பி வந்த அயல்நாட்டுச் செடிக்கும் இதே கதைதான்.

அதனால் திறவுகோல் ஒரு பெயரைத் தந்ததும், அதே நூலின் முழு விவரிப்பையும் எடுத்து உங்கள் குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மூன்று இடங்களில் பொருந்தி ஓர் இடத்தில் முரண்பட்டால், அந்த ஒன்றுக்குத்தான் மதிப்பு அதிகம்.

கைப்பேசிச் செயலிகளை இந்தக் கட்டத்தில் பார்க்கலாம், அதற்கு முன் வேண்டாம். ஏற்கெனவே பதிவான படங்களிலிருந்துதான் அவை கற்கின்றன. அரிய செடிக்குப் படங்கள் குறைவு. ஆகவே படங்கள் மலிந்த உறவுச் செடியின் பக்கமே அவை சாயும். குடும்பம்வரை கேட்டுக்கொள்ளுங்கள், சிற்றினத்தைக் கேட்காதீர்கள்.

9. பெயர் மாற்றமும் ஹெர்பேரிய மாதிரியும்

பழைய நூலில் கண்ட பெயரை அப்படியே தேடினால் பாதித் தகவல்தான் கிடைக்கும். பழைய நூல்களில் யூட்லேரியா சாலிசிபோலியா என்று இருப்பதுதான் இன்றைய டெகாலெபிஸ் சாலிசிபோலியா. அரயால்பத்ரா முதலில் ஜானகியா என்ற பேரினத்தில் வைக்கப்பட்டது. எருக்குக் குடும்பமே இன்று அரளிக் குடும்பத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் பழைய பெயரைக் கொடுத்தால் இன்று ஏற்கப்பட்ட பெயர் கிடைக்கும். எல்லாப் பெயர்களையும் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

அடுத்தது ஹெர்பேரியங்களில், அதாவது உலர்த்திய செடிகளின் காப்பகங்களில், இருக்கும் உலர்மாதிரி. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் தென்னகச் செடிகளின் மாதிரிகள் உள்ளன. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

மாதிரியைப் பார்க்கும்போது செடியை மட்டும் பார்க்காமல் லேபிளையும் படியுங்கள். சேகரித்த மாதம், உயரம், பாறையின் தன்மை எல்லாம் அதில் இருக்கும். பூவோடு சேகரித்த மாதிரிகளின் மாதங்களைத் தொகுத்தால், அந்தச் செடியைப் பூவில் பார்க்க எப்போது திரும்பிப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். உலர்ந்த இலை பழுப்பாகிவிடும். லேபிளில் உள்ள பெயரும் தவறாக இருக்கலாம். பின்னால் வந்தவர்கள் ஒட்டிய திருத்தச் சீட்டுகள் இருந்தால், கடைசியாக ஒட்டியதைப் பாருங்கள்.

10. முடிவை எழுதுதலும் அனுப்புதலும்

எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு மட்டும் எழுதுங்கள். பூ, காய் இரண்டும் பார்த்து மாதிரியோடும் ஒப்பிட்டிருந்தால் சிற்றினம். கணு, பால், காய் மட்டும் பார்த்திருந்தால் "டெகாலெபிஸ், சிற்றினம் உறுதியாகவில்லை". பைனாகுலரில் மட்டும் பார்த்திருந்தால் குடும்பத்தோடு நிறுத்துங்கள். அரைகுறையான சிற்றினப் பெயர் ஒன்று பதிவேறிவிட்டால், அதை நீக்குவது புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிடக் கடினம். அந்தப் பதிவை நம்பி அடுத்தவர் அதே பாறைக்கு வந்து நிற்பார்.

நிபுணருக்கு அனுப்பும்போது, நீங்கள் எந்தெந்தச் செடிகளை எந்தக் காரணத்தால் விலக்கினீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். "இது என்ன?" என்ற கேள்விக்குப் பதில் வரத் தாமதமாகும். "வெட்பாலை அல்ல, காய் நுனிகள் ஒட்டவில்லை, கல்லரசு அல்ல, எதிரடுக்கு" என்று எழுதினால் அவர் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்.

சரியான இடத்தை அவருக்கும் வனத்துறைக்கும் மட்டும் சொல்லுங்கள். உயிரினப் படங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத் தளங்கள் அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தைத் தாமாகவே மங்கலாக்குகின்றன. ஆனால் பேரினம் வரை மட்டும் பெயரிட்ட பதிவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். அப்போது மறைக்கும் வசதியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசிப் படங்களிலும் இருப்பிடத் தகவல் ஒட்டிக்கொண்டிருக்கும். பகிரும் முன் அதை நீக்கிவிடுங்கள். பின்னணியில் தெரியும் கோயில் கோபுரமும் அணைக்கட்டும்கூட இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.